சிறிய திரை, பெரிய விலை

பெரியதற்கு விலை அதிகம், சிறியதற்கு விலை குறைவு என்பது சந்தைக்குப் பை தூக்கிச் சென்ற பருவத்திலேயே நாம் அனைவரும் கற்றுக்கொண்ட பாடம். வேட்டியானாலும், பித்தளை அண்டாவானாலும், கொடிவேலியில் சுற்றும் முள்கம்பியானாலும் அளவு வளர வளர விலையும் வளரும். இவ்வழக்கைத் தலைகீழாகப் புரட்டிவிட்ட ஒரு பொருளைக் குறித்து வாசக நேயர்களோடு சிறிது உரையாட விழைகிறேன். எங்கள் இல்லத்தில் ஏறத்தாழ ஒரு மாத காலம் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. அப்பேச்சில் நடுவராக அமர்த்தப்பட்டவன் நான்.

அப்பொருள் கணிப்பொறியில் விளையாடுவோருக்கென்றே உயர்தரமாகச் செய்யப்படும் மானிட்டர். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் என் மகள்வயிற்றுப் பேரன், திருமண வீட்டு வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து, இரண்டாண்டுகளில் 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்க வேண்டுமென்பது அவன் நெடுநாள் ஆசை. கடையில் அதன் விலை 64,000 என்றார்கள். "மீதி 24,000ஐ நீங்கள் கடனாகத் தந்தால், ஓராண்டில் திருப்பித் தந்துவிடுவேன் தாத்தா" என்றான். அதே கடையில், அதே சுவரில், இரண்டு முழம் தள்ளி 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று மாட்டப்பட்டிருந்தது. அதன் விலை 36,000. பரப்பளவில் கணக்கிட்டால் அது பேரன் கேட்டதைப்போல் நான்கு மடங்கு பெரியது.

இதில் இன்னொரு சிக்கலும் வந்து சேர்ந்தது. அந்த வாரத்திலேயே எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒலி வந்தது, படம் மறைந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து என் துணைவியார் வெளியே செல்வது அரிது. பகற்பொழுதில் அவருக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான். "அப்பா, அவன் கையில் இருக்கிற பணத்துக்கே அம்மாவுக்குப் பெரிய டி.வி. வாங்கிவிடலாம். ஒரே ஒருவன் பார்க்கிற சின்னத் திரைக்கு அதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு விலையா? நீங்கள்தான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றாள் மகள். பேரன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. தன் உழைப்பில் சேர்த்த பணத்தைப் பாட்டியின் பெயரால் கேட்கும்போது, மறுக்கவும் முடியாமல், மனமுவந்து கொடுக்கவும் முடியாமல் ஒரு பிள்ளை நிற்பது நல்ல காட்சியன்று.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1980களில் மாலை வேளைகளில் டயனோரா, சாலிடேர் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றி, பிக்சர் டியூபின் உயர்மின்னழுத்தத்தில் ஓரிரு முறை விரலைச் சுட்டுக்கொண்டவனும்கூட. ஆகவே, அறிவுரை சொல்லுமுன் விலையின் காரணத்தை அறிவோம் என்று அமர்ந்தேன். பேரனும் உடன் அமர்ந்தான். சில வாரங்கள் இருவருமாகப் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தொலைக்காட்சியும் மானிட்டரும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் செய்யும் தொழில் வேறு. திரைப்படம் விநாடிக்கு 24 படங்கள் என்ற ஒரே சீரில் ஓடுவது. நம் பழைய தூர்தர்ஷன் ஒளிபரப்பு 625 கோடுகளாலான படங்களை விநாடிக்கு 25 வீதம், ஒவ்வொன்றையும் இரு பாதிகளாக்கி அனுப்பியது. இன்றைய சாதாரணத் தொலைக்காட்சி தன் திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. பார்ப்பவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வந்த படத்தைப் பெட்டி சிறிது நேரம் தன்னிடமே வைத்துக்கொண்டு, நிறத்தைக் கூட்டி, மங்கலைத் துடைத்து, பத்தில் ஒரு விநாடி தாமதித்துக் காட்டினாலும் ஒலியும் உடன் தாமதித்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை.

விளையாடுபவன் நிலை அதுவன்று. அவன் கை அசைந்தவுடன் திரையும் அசைய வேண்டும். சற்றே தாமதித்தால், தண்ணீருக்குள் நடப்பவனைப்போல் உணர்வான். பேரன் விரும்பிய மானிட்டர் விநாடிக்கு 240 முறை புதுப்பிப்பது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சாதாரணப் பெட்டியில் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி, இதிலோ 4.2 மில்லிவிநாடி. இந்த வேறுபாடு மனிதக் கண்ணுக்குத் தெரியுமா என்று ஐயுற்று, கடையில் இரண்டையும் அருகருகே வைத்து எழுத்துகளை வேகமாக நகர்த்திக் காட்டச் சொன்னேன். ஒன்றில் எழுத்து கலங்கியது. மற்றதில் ஓடும்போதே வாசிக்க முடிந்தது. எழுபதைக் கடந்த என் கண்ணுக்கே தெரிந்தது என்றால், இருபது வயதுக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பேரன் தாளில் ஒரு கணக்குப் போட்டான். கடையிலிருந்த தொலைக்காட்சியில் 3840க்கு 2160 என்ற முறையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். மானிட்டரில் 2560க்கு 1440 என 37 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பாதிகூட இல்லை. ஆனால் ஒரு விநாடியில் எத்தனை புள்ளிகள் மாற்றி எழுதப்படுகின்றன என்று பெருக்கினால், தொலைக்காட்சியில் சற்றேறக்குறைய 50 கோடி, மானிட்டரில் 88 கோடிக்கு மேல். ஒன்றேமுக்கால் மடங்கு. விலையும் ஏறக்குறைய அதே ஒன்றேமுக்கால் மடங்கு என்று அவன் துள்ளிக் குதித்தான். அது தற்செயல்தான் என்று அடக்கினேன். கடைக்காரர் பெருக்கல் வாய்பாட்டைப் பார்த்து விலை வைப்பதில்லை.

மேலும், மானிட்டர் ஓ.எல்.இ.டி. வகையைச் சேர்ந்தது. சாதாரணத் திரையில் பின்னாலிருந்து வெள்ளை விளக்கு எரிய, முன்னால் திரவப் படிகம் சாளரக் கதவுபோல் திறந்து மூடுகிறது. ஓ.எல்.இ.டி.யிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. ஆகவே கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கிறது. இதனோடு ஒப்பிட வேண்டியது ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சியைத்தான் என்பது நியாயம். அந்தக் கடையில் 55 அங்குல ஓ.எல்.இ.டி. பெட்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. எனினும் நான்கில் ஒரு பங்கு பரப்புக்கு, விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்களே என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை தொழிற்சாலையில் இருக்கிறது. திரைகள் தனித்தனியே செய்யப்படுவதில்லை. பெரிய கண்ணாடிப் பலகையொன்றில் மொத்தமாக உருவாக்கி, பிறகு வெட்டியெடுக்கிறார்கள். 'எட்டரைத் தலைமுறை' எனப்படும் ஆலையில் அப்பலகை 2,200 மில்லிமீட்டருக்கு 2,500 மில்லிமீட்டர். அதில் 55 அங்குலத் திரைகள் ஆறு கிடைக்கும். சீனத்தின் ஹெஃபெய் நகரில் பி.ஓ.இ. நிறுவனம் 2017 டிசம்பரில் இயக்கத் தொடங்கிய ஆலையில் பலகை 2,940க்கு 3,370 மில்லிமீட்டர். ஒரே பலகையில் 65 அங்குலத் திரைகள் எட்டு. நல்ல தையற்காரர் துணி வீணாகாமல் வெட்டுவதைப்போல, இவ்வாலைகள் பெரிய தொலைக்காட்சிகளை வீணின்றி வெட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. உலகில் ஓராண்டில் விற்கப்படும் தொலைக்காட்சிகள் ஏறத்தாழ 20 கோடி. அத்தனை பேருக்கும் செலவு பங்கிடப்படுகிறது. உயர்தர விளையாட்டு மானிட்டர் வாங்குவோர் அந்தக் கடலில் ஒரு குடம். ஆனால் அவர்களுக்கான வடிவமைப்பும் சோதனையும் குறைவில்லாமல் வேண்டும்.

அந்நாளில் அச்சகத்துக்குப் போய்த் திருமண அழைப்பிதழ் அடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அச்சுக் கோர்ப்புக் கூலி ஒன்றே. நூறு அடிப்பவனுக்கு ஒரு தாளின் விலை அதிகம். அச்சகத்தார் ஏமாற்றினார் என்று பொருளன்று.

இதற்குக் கண்கூடான சான்று 2018இல் வெளிவந்த ஏசுஸ் நிறுவனத்தின் 27 அங்குல மானிட்டர் ஒன்று. விலை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். கணிப்பொறி படங்களை வரைந்து முடிக்கும் வேகம் சீராக இருப்பதில்லை. காட்சி எளிதானால் விரைவாகவும், சிக்கலானால் மெதுவாகவும் வரைகிறது. திரை தன் போக்கில் புதுப்பித்துக்கொண்டிருந்தால், மேற்பாதியில் ஒரு படமும் கீழ்ப்பாதியில் அடுத்த படமுமாகக் கிழிந்து தெரியும். இதைத் தடுக்க, படம் ஆயத்தமாகும்வரை திரையைக் காத்திருக்கச் செய்யும் முறையொன்றை என்விடியா நிறுவனம் 2013இல் 'ஜி-சிங்க்' என்ற பெயரில் அறிவித்தது. அதற்கான மின்பலகை மானிட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் அந்த மானிட்டரில் அவ்வேலையைச் செய்தது அதற்கென்றே வார்த்த சில்லு அன்று. எந்த வேலைக்கும் மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய விலை மிகுந்த பொதுச் சில்லு. தனிச் சில்லு வார்ப்பதற்கு விற்பனை போதாது என்பதே காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த மானிட்டரைப் பிரித்துப் பார்த்த பத்திரிகையொன்று, உள்ளிருந்த அந்தப் பகுதிக்கு மட்டுமே 500 டாலர் அளவில் செலவாகியிருக்கக்கூடும் என மதிப்பிட்டது. அது சூடாவதைத் தணிக்கச் சிறு மின்விசிறியும் உள்ளே சுழன்றது. மானிட்டருக்குள் மின்விசிறி! பழைய வால்வு வானொலியைப் பழுது பார்த்த என் ஆசிரியர் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, 2019இல், எச்.பி. நிறுவனம் இதே வகைச் சுற்றமைப்போடு 65 அங்குலத் திரையொன்றை விற்றது. விலை 4,999 டாலர். ஒலிபரப்பை வாங்கும் டியூனர்கூட இல்லாத அதற்கு அத்தனை விலை. அதே ஆண்டில் எல்.ஜி.யின் 65 அங்குல ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சியொன்று 3,499 டாலருக்கு அறிமுகமாகி, பின்னர் இன்னும் இறங்கியது. இந்த முயற்சி சந்தையில் வேரூன்றவில்லை. தொலைக்காட்சிகளே விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கவும், கணிப்பொறிக்காகக் காத்திருக்கவும் கற்றுக்கொண்ட பிறகு, 5,000 டாலர் கொடுக்க எவருக்கு மனம் வரும்? ஜி-சிங்குக்கெனத் தனிப்பலகை தேவையில்லாமல் சாதாரணச் சில்லுக்குள்ளேயே அதை அடக்கப்போவதாக 2024 ஆகஸ்டில் என்விடியாவே மீடியாடெக் நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்தது.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமற்றவையும் உண்டு. 'கேமிங்' என்ற ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் நாற்காலிக்கும் விலை ஏறுகிறது, விசைப்பலகைக்கும் விலை ஏறுகிறது. சில மானிட்டர்களின் முதுகில் பல வண்ண விளக்குகள் எரிகின்றன. முதுகிலிருக்கும் விளக்கை யார் பார்ப்பது? சுவர்தான் பார்க்க வேண்டும். இளைஞர் ஆவலை அறிந்து வைக்கும் விலை இது என்பதைப் பேரனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவனும் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறிய திரை எப்போதும் அதிக விலையென்று சட்டமில்லை. 2022இல் சாம்சங் டிஸ்ப்ளேயின் புதுவகை ஓ.எல்.இ.டி. திரையைக் கொண்டு டெல் நிறுவனம் ஏலியன்வேர் என்ற பெயரில் 34 அங்குல அகல மானிட்டரை 1,299 டாலருக்கு விற்றது. அதே நிறுவனம் செய்த அதே வகைத் திரையைக் கொண்ட சோனியின் 55 அங்குலத் தொலைக்காட்சி அவ்வாண்டு 2,999 டாலருக்கு வந்தது. நாள் முழுவதும் அசையாத எழுத்துகள் ஒரே இடத்தில் நின்றால் ஓ.எல்.இ.டி. திரையில் தழும்பு விழுவதுண்டு. அந்தத் தழும்புக்கும் சேர்த்து மூன்றாண்டுப் பொறுப்பை டெல் ஏற்றது. விலையில் ஒரு பகுதி அந்த உறுதிமொழிக்கு என்று கொள்ளலாம்.

ஆனால் இத்தனை விளக்கத்துக்குப் பின்னும் எனக்கு ஒரு குறை இருந்தது. மானிட்டருக்கு ஏன் 64,000 என்பது புரிந்தது. தொலைக்காட்சி ஏன் 36,000தான் என்பது புரியவில்லை. ஆறு கண்ணாடிகளில் ஒன்று, பின்விளக்கு, கணிப்பொறிக்கு நிகரான சில்லு, ஒலிபெருக்கி, தொலைவிலிருந்து இயக்கும் கருவி, கப்பற்கூலி, கடை வாடகை, கடைக்காரர் இலாபம் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? இந்தப் பக்கத்திலிருந்து கேள்வியைக் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது.

அமெரிக்காவில் விசியோ என்றொரு தொலைக்காட்சி நிறுவனம். மலிவு விலைக்குப் பெயர் பெற்றது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டுக் கூட்டரசின் வணிக ஆணையத்துடன் அது ஒரு வழக்கில் உடன்பாட்டுக்கு வந்து, 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில், வாங்கியவர்களின் ஒப்புதலின்றி, அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை விநாடிக்கு விநாடி குறித்து விற்று வந்ததென்பது குற்றச்சாட்டு. இதன் செய்முறை எளியது. திரையில் தோன்றும் படத்தின் சில புள்ளிகளைக் கைரேகைபோல் எடுத்து, இணையத்தின் வழியே அனுப்பி, எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம் என்று ஒப்பிட்டு அறிவது. படம் செயற்கைக்கோளிலிருந்து வந்தாலும், கம்பியில் வந்தாலும், நாமே போட்ட குறுந்தகட்டிலிருந்து வந்தாலும் பெட்டி அடையாளம் கண்டுகொள்ளும்.

வழக்குக்குப் பின் அப்பழக்கம் மறையவில்லை. ஒப்புதல் பெற்றுக்கொண்டு நடைபெறுகிறது. 2021இன் மூன்றாம் காலாண்டில் விசியோவுக்கு விளம்பரம், தரவு முதலிய வகையில் கிடைத்த மொத்த இலாபம், பெட்டிகளை விற்றதில் கிடைத்ததைப்போல் இருமடங்குக்கும் மேல் என்று அந்நிறுவனமே கணக்குக் காட்டியது. 2024 டிசம்பரில் வால்மார்ட் அதனை 230 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. பெட்டி செய்யும் ஆலைக்கா அந்த விலை? 2023இல் டெலி என்ற நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்று 55 அங்குலப் பெட்டியை இலவசமாகவே தருவதாக அறிவித்தது. கீழே இன்னொரு சிறு திரை உண்டு. அதில் விளம்பரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதை மறைக்கக் கூடாது. வீட்டின் முதன்மைப் பெட்டியாக அதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பன நிபந்தனைகள்.

நம் நாட்டிலும் இன்று விற்கும் பெட்டிகளை முதன்முதல் இயக்கும்போது ஒப்புதல் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுத்துகள் தோன்றுகின்றன அல்லவா? வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை எங்களுடையது. அன்று நாம் பார்ப்பதற்குப் பணம் கொடுத்தோம். இன்று பெட்டி நம்மைப் பார்ப்பதற்கு வேறு யாரோ பணம் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கு விலைக்குறைப்பாக நமக்கு வந்து சேருகிறது. மானிட்டரில் இது பெரும்பாலும் இல்லை. அதற்குத் தன் கம்பியில் வருவதைக் காட்டுவதன்றி வேறொன்றும் தெரியாது. ஆகவே அதன் முழு விலையையும் வாங்குபவனே கொடுக்கிறான். தொலைக்காட்சிபோல் தானே இணையத்தோடு இணையும் மானிட்டர்கள் சிலவும் அண்மைக் காலத்தில் வந்திருக்கின்றன. வாங்குவோர் அவற்றைப் பிரித்தறிந்து வாங்குதல் நன்று.

நம் நாட்டு வரியைப் பற்றியும் ஒரு சொல். 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரையுள்ள தொலைக்காட்சிக்கும் மானிட்டருக்கும் 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடு என்றிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரியவையும் 18க்கு இறங்கிவிட்டன. அதாவது அதுவரை சிறிய மானிட்டருக்கு வரியில் சலுகையே இருந்தது. அந்தச் சலுகையோடுதான் அத்தனை விலை. வண்ணத் தொலைக்காட்சி இறக்குமதியை 2020 ஜூலையில் அரசு கட்டுப்படுத்தியபின் நாம் வாங்கும் பெட்டிகள் மிகுதியும் திருப்பதி போன்ற ஊர்களில் பொருத்தப்படுகின்றன. அதுவும் தொலைக்காட்சியின் பக்கம் ஒரு காரணம்.

இனி வீட்டு வழக்குக்கு வருகிறேன். பழுதான பெட்டியின் முன் இருட்டில் நின்று, கைவிளக்கைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. படம் சாகவில்லை, பின்விளக்குத்தான் செத்தது. பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் சிறு விளக்குகளில் ஒன்று அவிந்தாலும் தொடரில் உள்ள அனைத்தும் அவிந்துவிடும், பழைய கிறிஸ்துமஸ் சர விளக்கைப்போல. பட்டைகளின் விலை 1,400 ரூபாய். திரைக் கண்ணாடியைக் கழற்றுவது ஒற்றை ஆளால் ஆகாத வேலை. சற்று வளைந்தாலும் உடையும். பேரன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தோம். கல்லூரியில் மூன்றாண்டாக மின்னணுவியல் படிப்பவன் அன்றுதான் ஒரு பெட்டியின் உட்புறத்தைக் கண்டான். மூன்று மணி நேரத்தில் படம் வந்தது. என் துணைவியார் நேற்றைய கதை என்ன ஆயிற்று என்று மகளைக் கேட்டுக்கொண்டே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே அந்த 40,000 இருந்த நிலை அத்தோடு நீங்கியது. ஆனால் கடன் கேள்வி நீங்கவில்லை. மகளின் வாதத்தில் உண்மை இருக்கிறது. தொலைக்காட்சியின் முன் ஐந்து பேர் அமரலாம். சண்டையிட்டுக்கொண்டேனும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். மானிட்டரின் முன் ஒரே நாற்காலி. பெரும்பாலும் கதவும் சாத்தியிருக்கும். "இத்தனை விலை கொடுத்து வாங்குவதை எத்தனை பேர் பார்க்கலாம்?" என்று என் துணைவியார் கேட்டபோது, "ஒருவர்தான் பாட்டி" என்று அவன் நாணத்தோடு சொன்னான். அவன் தொகுக்கும் வீடியோக்களுக்கு அத்திரையின் நிறத்தூய்மை உதவும் என்பது உண்மை. அதற்காகவே அவன் கேட்கவில்லை, விளையாட்டுக்காகவும்தான் என்பதும் உண்மை. அவன் அதை மறைக்காமல் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உன் கணிப்பொறி விநாடிக்கு 240 படங்கள் வரையுமா?" அவன் விளையாடும் ஆட்டங்களுள் ஒன்றில் வரையும், மற்றவற்றில் நூறைத் தொடாது என்றான். அப்படியானால் மற்ற ஆட்டங்களில் நான்கு வழிச் சாலையில் மாட்டுவண்டி ஓட்டுவதற்கு ஒப்பாகாதா என்றேன். இரண்டு நாள் யோசித்தான். பின்பு, கறுப்பு கறுப்பாகவே தெரிவதற்காகவாவது அதுவே வேண்டும் என்று வந்து நின்றான். கேட்ட 24,000ஐக் கொடுத்தேன். மகளுக்கு இன்றும் அதில் முழு உடன்பாடில்லை. மாதம் 2,000 வீதம் அவன் திருப்பித் தருகிறான். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை.

சென்ற மாதம் அடுத்த வீட்டுப் பெரியவர் புதிய தொலைக்காட்சி வாங்கினார். 55 அங்குலம். பொருத்த வந்த இளைஞர் அவசரமாகக் கிளம்பிவிட்டதால், மீதியை முடித்துத் தருமாறு என்னை அழைத்தார். திரையில் வழக்கமான ஒப்புதல் பக்கம் வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஏற்கிறேன்' என்று ஒரு பெரிய பொத்தான். தனித்தனியே பார்க்க விரும்பினால் சிறிய எழுத்தில் இன்னொன்று. சிறியதைத் திறந்து, அவர் பார்ப்பதைக் குறித்து அனுப்புவது பற்றிய பகுதியை அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லி, அந்த அடையாளத்தை நீக்கினேன். அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இதை எடுத்துவிட்டால் கடைக்காரர் மேலே பணம் கேட்பாரோ?" என்றார். கேட்கமாட்டார் என்றேன். "அப்படியானால் வீட்டில் இன்னும் எங்கெங்கே இது இருக்கிறதென்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தம் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.